அடுப்பு நடுவில் இருக்கட்டும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராவதால், நம் பூவிருந்தவல்லிச் சாலைக்குக் கொரியர்கள் புதியவர்கள் அல்லர். அவர்களுடைய உணவுதான் நமக்குப் புதிது.

சென்ற விடுமுறையில் நானும் என் தோழியும் 'புல்கோகி' செய்து பார்த்தோம். நெருப்பு இறைச்சி என்று பொருள். மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழியை மெல்லியதாய் நறுக்கி, சோயா சாறு, சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெய் சேர்த்து ஊறவைத்தோம். இறைச்சி மென்மையாக அவர்கள் பேரிக்காய் அரைத்துச் சேர்ப்பர். நாங்கள் பப்பாளிக்காய் சிறிது சேர்த்தோம். கரி அடுப்புக்கு அப்பா இசையவில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் மணமற்ற நச்சு வாயு உயிரையே குடிக்கும் என்றார். சரிதானே! எனவே கூடத்தின் நடுவில் மின்னடுப்பு, அதன்மேல் தோசைக்கல்.

அங்கே மூத்தவர் உண்ணத் தொடங்கிய பின்னரே இளையோர் உண்பர். ஆகவே வெந்த துண்டை அவித்த முட்டைக்கோஸ் இலையில் மடித்து முதலில் பாட்டிக்கும், அடுத்து அம்மாவுக்கும் கொடுத்தோம். "நீங்கள் சாப்பிடுங்கள், நான் அப்புறம்" என்று அம்மா எழுந்தார்கள். ஆனால் சமையலறையில் அடுப்பே இல்லையே!

அனைவருக்கும் பரிமாறிவிட்டு ஆறிய சோற்றை உண்பதைத் தாயின் தியாகம் என்கிறோம். நானே அப்படிக் கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றிருக்கிறேன். அது தியாகமன்று, நாம் பழக்கிவிட்ட வழக்கம் என்றே இப்போது எண்ணுகிறேன்.

ஞாயிறுதோறும் தோசைக்கல் கூடத்துக்கு வருகிறது. முதல் தோசை பாட்டிக்கு, இரண்டாவது அம்மாவுக்கு. அம்மா இன்னும் பாதியில் எழத்தான் பார்க்கிறார்கள்.