ஒரு செடிக்கு 30 ஆண்டா?



ஸ்கூடாயிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் பல நாட்டு மாணவர்கள் வாடகை வீடுகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அறைக்குள் விளக்குப் போட்டு, தொட்டியில் கஞ்சாச் செடி வளர்த்துப் பிடிபட்டால் நாம் என்ன சொல்வோம்? "வேற நாட்டுக்காரன், நமக்கென்ன" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

போகாதீர்கள். அவன் மீது பாயும் சட்டம்தான் நம் பிள்ளை மீதும் பாயும்.

1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவு கஞ்சா பயிரிடுவதைப் பற்றியது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆயுள் தண்டனை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. நம் நாட்டில் ஆயுள் தண்டனை என்றால் 30 ஆண்டு. செடி ஒன்றா நூறா, சொந்தப் புகைக்கா கும்பலின் விற்பனைக்கா, வயது இருபதா நாற்பதா என்று பார்த்துச் சிறைக்காலத்தைக் குறைக்க நீதிபதிக்கு வழி இல்லை. அவர் கையைச் சட்டமே கட்டிப் போட்டிருக்கிறது.

ஆனால் அரசுத் தரப்பின் கை கட்டப்படவில்லை. 6பி குற்றச்சாட்டை 6ஆம் பிரிவின் கீழ் வெறும் 'வைத்திருந்த' குற்றமாகக் குறைத்தால், அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு சிறை, அல்லது 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். 30 எங்கே, 5 எங்கே! அந்தக் குறைப்பைக் கேட்டு முறையாக மனு எழுதத் தேர்ந்த வழக்கறிஞர் வேண்டும். வசதியுள்ள மாணவனுக்குத் தகப்பனார் பணம் அனுப்புவார், தூதரகம் விசாரிக்கும். பாசீர் கூடாங்கில் ஷிப்ட் வேலை செய்யும் நம் அண்ணன் மகனுக்கு யார் இருக்கிறார்?

போதைப்பொருளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அது நம் குடும்பங்களைத் தின்று கொண்டிருப்பதை நம்மைவிட யார் அறிவார்? நாம் கேட்பது, குற்றத்துக்குத் தக்க தண்டனை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் கடையில் விற்றது, இந்தப் பக்கம் 30 ஆண்டுச் சிறை.

பாலத்துக்கு அப்பால் நடப்பதையும் மறக்க வேண்டாம். 1,017.9 கிராம் கஞ்சா வழக்கில், அந்தப் பொருளைக் கையால் தொடாத சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையாவை 2023 ஏப்ரல் 26இல் தூக்கிலிட்டார்கள். உட்லண்ட்ஸில் பிடிபட்ட நம் நாட்டுப் பிள்ளைகள் நாகேந்திரன் தர்மலிங்கம் 2022இலும், பன்னீர்செல்வம் பரந்தாமன் 2025இலும் தூக்கில் போனார்கள். அவர்களுக்காக இங்கே கருணை கேட்டுக் குரல் கொடுத்தோமே, நம் வீட்டுச் சட்டத்தைக் கேள்வி கேட்க வேண்டாமா?

2023 ஜூலை 4 முதல் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை இல்லை. தூக்கா, சிறையா என்று முடிவெடுக்கவே நீதிபதியை நம்புகிற அரசாங்கம், செடி வழக்கில் ஆண்டுகளைக் கணக்கிட அவரை ஏன் நம்பவில்லை? 6பி பிரிவில் 'ஆயுள் வரை' என்று திருத்தினாலே போதும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.

பெற்றோர்களே, இதையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். பிள்ளை கைதானால், விசாரணைக்கு முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போதைப்பொருள் வழக்கில் எச்சரித்து வாங்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம். ஆகவே வழக்கறிஞரைப் பார்க்காமல் வாக்குமூலம் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியமான ஒய்.பி.ஜி.கே.யை நாடுங்கள், தடுப்புக் காவல் மனு விசாரணைக்கே அவர்கள் வழக்கறிஞரை அனுப்புவார்கள்.

இன்று அந்நிய நாட்டு மாணவனுக்கு நியாயம் கேட்போம். நாளை நம் பிள்ளைக்கு நியாயம் கேட்கும்போது அந்தக் குரலுக்கு வலு இருக்கும்.