வலிக்காத பல்லைத் தோண்டச் சொன்னால் காரணம் கேளுங்கள்!



போன வாரம் ஆனைக்குட்டம் பஸ் நிறுத்தத்தில், என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியைப் பார்த்தேன். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறாள்.

"சார், பழைய வெள்ளி அடைப்பு மூணையும் எடுத்துட்டு வெள்ளை அடைப்பு வைக்கணுமாம். இல்லேன்னா பாதரசம் உடம்புல ஏறுமாம். வட்டிக்குக் கேட்டிருக்கேன்" என்றாள்.

"வலிக்குதாம்மா? உடைஞ்சிருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார்."

எனக்குக் கோபம் வந்தது. நான் பல் டாக்டர் இல்லை, வேதியியல் நடத்தியவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி அடைப்பு என்பது அமால்கம். ஏறக்குறைய பாதி பாதரசம்; மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அதிலிருந்து மிகச் சிறிதளவு ஆவி வருவது உண்மை. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் புதிதாக வைப்பதைத் தவிர்க்கச் சொன்னது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 2020இல். அதே அறிவிப்பு இன்னொன்றும் சொன்னது: நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்காதீர்கள். எடுக்கும்போதுதான் ஆவி கூடுகிறது. நல்ல பல்லும் சேர்ந்து போகிறது. பயமுறுத்துபவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

"ஐரோப்பாவிலேயே தடை சார்" என்பார்கள். ஆமாம், 2025 ஜனவரி 1 முதல். பாதரசம் நீரிலும் மண்ணிலும் மீனிலும் சேரக்கூடாது என்பது அதன் முக்கிய நோக்கம். புதிதாக வைப்பதற்குத்தான் தடை. வாயில் இருப்பதைத் தோண்டி எடுக்கச் சொல்லவில்லை.

வெள்ளை அடைப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. கம்போசிட் என்பது பிசினும் கண்ணாடித் தூளும். நீல ஒளியில் இறுகும். முன்பல்லுக்கு அழகு. ஆனால் எச்சில் படாமல் வைக்க வேண்டும். கடைவாய்ப் பல்லில் அமால்கத்தைவிட அதிகம் தோற்கிறது, மறுபடி சொத்தை வருவதும் அதிகம் என்கிறது காக்ரேன் 2021 ஆய்வுத் தொகுப்பு. கிளாஸ் அயனோமர் பல்லோடு தானே ஒட்டும், ஃபுளூரைடு கசியும். பிள்ளைகளின் பால்பல்லுக்கு ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பலமாக மெல்லும் இடத்தில் மட்டும் சீக்கிரம் தேயும்.

இடத்துக்கு ஏற்ற பொருள், அவ்வளவுதான். புதிதாக அடைப்பதானால் அமால்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் கை தூக்குகிறேன். வலிக்காத பழைய அடைப்புக்கு ஏன் கடன்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தப் பிள்ளை நாளெல்லாம் வெடிமருந்து தூசிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு ஒரு நல்ல மாஸ்க் கொடுக்க யாருக்கும் அக்கறை இல்லை. பல்லில் இருக்கும் பாதரசத்துக்கு மட்டும் இவ்வளவு அக்கறை!

"எந்தப் பல், என்ன கோளாறு, என்ன பொருள், எவ்வளவு என்று எழுதி வாங்கும்மா. அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலும் ஒருமுறை காட்டு" என்றேன். கடனை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

என் கடைவாயிலும் 1987இல் வைத்த வெள்ளி அடைப்பு இருக்கிறது. இன்றும் அதில்தான் முறுக்கு கடிக்கிறேன்.