இன்னும் ரெண்டே வருஷம்!

"எப்போ ஊருக்கு வந்து செட்டில் ஆகப் போறே?"

லீவுக்கு நாகர்கோவில் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நானும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: "இன்னும் ரெண்டே வருஷம்." 2008-ல் வேலைக்காக புனே வந்ததிலிருந்து இதே பதில்தான். உங்களில் பலரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன் :-)

இன்று இந்த ரெண்டு வருஷத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம், எங்கள் கீழ் வீட்டுப் பெரியவர் போன மாதம் காலமானார்.

முதலில் ஒரு முருங்கை மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பின்பக்கம் சும்மா கிடக்கிற மண்ணில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டு வைக்கலாம் என்று மனைவி சொன்னாள். "நாம என்ன இங்கேயேவா இருக்கப் போறோம்? ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவோம். அது காய்ச்சு யார் சாப்பிட?" என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. ஆனால் அரைகுறை இந்தியில் கீழ் வீட்டுப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள் போல. அடுத்த மழைக்கு அவரே எங்கிருந்தோ ஒரு கொம்பு கொண்டுவந்து நட்டுவிட்டார். மராத்தியில் அதற்கு ஷேவ்கா என்று பெயர். அதன்பிறகு சீசனுக்கு சீசன் ஒரு கட்டுக் காய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். சாம்பார் ருசியாகத்தான் இருந்தது. நான் ஒரு நாளும் கீழே இறங்கிப் போய் அவரோடு உட்கார்ந்து பேசியதில்லை.

அவர் இறந்த அன்று அவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை மராத்தியில் வரவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டு "ஸாரி" என்று மட்டும் சொன்னேன். பத்தாவது படிக்கிற என் மகள் அந்தப் பாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபடி மராத்தியில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். அந்தத் தாத்தாவிடம் அவளுக்கு இவ்வளவு ஒட்டுதல் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் இந்த வருஷ வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்தது, எரேமியா 29:11. நம் வீடுகளில் இந்த வசனம் மாட்டாத சுவரே கிடையாது. கர்த்தர் நம்மைக் குறித்து நல்ல நினைவுகளை வைத்திருக்கிறார் என்கிற வசனம். அது யாருக்கு எழுதப்பட்டது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? அன்று ராத்திரி 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தேன்.

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். தொழில் தெரிந்தவர்கள், அதாவது அந்தக் காலத்து ப்ரொஃபஷனல்கள்! அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் இது.

அந்தச் சமயத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. ஜனங்களுக்குப் பிடித்த செய்தியைச் சொன்னான்: இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவீர்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தது எரேமியாவின் செய்தி அல்ல, அனனியாவின் செய்தி. எரேமியாவுக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான், ஆமென் என்றுதான் முதலில் சொன்னான். ஆனால் கர்த்தர் சொன்ன கணக்கு 70 வருஷம்.

29:11-க்கு முந்தின வசனம்தான் அந்த 70 வருஷத்தைச் சொல்கிறது. கடிதத்தை வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊரைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். 7-ம் வசனத்தில் பட்டணத்துக்குச் சொன்ன அதே "சமாதானம்" என்ற வார்த்தைதான் 11-ம் வசனத்திலும் வருகிறது. நாம் 11-ஐ அட்டையில் அச்சடித்துக்கொண்டு 7-ஐ விட்டுவிட்டோம்.

"அதெல்லாம் சரி, இந்த ஊர்க்காரர்கள் நம்மை வேண்டுமென்றா வைத்திருக்கிறார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1960-களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராக நடந்ததையெல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பாபிலோன் அவர்களுடைய வீட்டைக் கொள்ளையடித்த ஊர். அந்த ஊருக்காகவே ஜெபிக்கச் சொன்ன தேவன், சம்பளம் கொடுத்துச் சோறு போடுகிற ஊரை மட்டும் சும்மா விடச் சொல்லுவாரா?

தமிழை மறந்துவிடு, ஊரை மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. தானியேல் எருசலேமுக்கு நேரான ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தினம் மூன்று வேளை ஜெபித்தான். அதே தானியேலின் அரசாங்க வேலையில் எதிரிகள் தேடியும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னல் எருசலேமைப் பார்த்து, கை அந்த ஊர் வேலையில். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

எங்கள் தமிழ் சபையில் ஊரில் மழை பெய்ய வாராவாரம் ஜெபிப்போம். நல்லதுதான். ஆனால் நாங்கள் குடிப்பது கடக்வாஸ்லா அணைத் தண்ணீர். அதற்காக ஜெபித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. போன ஞாயிறு நான் எழுந்து அதற்காக ஜெபித்தேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள் :-)

பள்ளியில் ஒரு படிவத்தில் "சொந்த ஊர்" என்ற இடத்தில் மகள் புனே என்று எழுதியபோது முன்பு அவளைத் திட்டியிருக்கிறேன். "அவ பிறந்தது இங்கதானேங்க" என்றாள் மனைவி அப்போதே. இப்போது மகளிடம்தான் மராத்தி படிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஓரளவு வந்ததும் கீழ் வீட்டுப் பாட்டியிடம் போய் உட்கார வேண்டும். நான் அவரிடம் சொல்லாமல் விட்டதை அந்தப் பாட்டியிடமாவது சொல்ல வேண்டும்.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ, பரணில் டிவி பெட்டியின் அட்டைப்பெட்டி இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வாரமே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். நான் போட்டுவிட்டேன்.