சீலியாக் நோய்: சோறு ஓகே... சாம்பாரில் என்ன பிரச்னை?

சிதம்பரத்தில் காலையில் இட்லி-கொத்சு, மதியம் சோறு என்று சாப்பிடும் ஒருவரிடம் 'இனி கோதுமையே கூடாது' என்று டாக்டர் சொன்னால், முதலில் நிம்மதிதான் வரும். பரோட்டாவையும் சப்பாத்தியையும் விட்டால் போதுமே! ஆனால், கொத்சுவில் போடும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல பிராண்டுகளில் மைதா அல்லது கோதுமை மாவு என்று எழுதியிருக்கும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயத்தின் காரம் அதிகம் என்பதால் கோந்தும் மாவும் கலந்தே விற்கிறார்கள். சாம்பார், ரசம், மோர் என எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

சீலியாக் நோய் அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய அமைப்புகள் தேய்ந்துபோகின்றன. வயிற்றுப்போக்கு, எடை குறைவு எல்லோருக்கும் வராது. சிலருக்கு மாத்திரை போட்டும் தீராத ரத்தசோகை மட்டும்தான் அறிகுறி. குணப்படுத்த மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் சிகிச்சை.

நம்ம ஊரில் இதை யாரும் கேள்விப்பட்டதில்லையே?

அதற்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வட, வடகிழக்கு, தென்னிந்தியப் பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வடக்கே சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. தெற்கே ஏறக்குறைய 1,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால், நோய்க்கு வழிவிடும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அப்புறம் எதில் வித்தியாசம்? சாப்பாட்டில்! வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே வெறும் 25 கிராம்.

அதாவது, நம்மைக் காப்பாற்றி வருவது ரத்தம் அல்ல, அரிசி என்றே தோன்றுகிறது. சுகர் வந்ததும் ராத்திரிச் சோறு போய் சப்பாத்தி வருவதும், கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கல் ஓயாமல் சூடாக இருப்பதும் இந்தக் கோணத்தில் கவனிக்க வேண்டிய மாற்றங்கள்.

சரி, என்னதான் சாப்பிடுவது?

நிறைய இருக்கிறது. இட்லி, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் கூழ், கம்பு, தினை, பருப்பு, கடலூர் துறைமுகத்து மீன், பண்ருட்டி பலா, முந்திரி... எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. விலை அதிகமான 'குளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட் பாக்கெட் இல்லாமலே ஒரு கடலூர்க்காரர் வாழ்ந்துவிடலாம்.

சிக்கல் பெயரிலும் வரும். நடராஜர் கோயில் பிரசாதமாகப் பெயர் பெற்ற சம்பா சாதம் அரிசி. மளிகைக் கடையில் கிடைக்கும் சம்பா ரவை கோதுமை. ராகி சேமியா என்று வாங்கினாலும் அதில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். மால்ட் பானங்களில் பார்லி உண்டு. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. சாதாரண ஓட்ஸிலும் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பலர் யோசிக்காத இடம் மாவு மில். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில் உங்கள் கேழ்வரகு விழுந்தால், முதல் ஒரு கிலோ எப்படிச் சுத்தமாக இருக்கும்? வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது சிரமம்தான், ஆனால் நம்பலாம். ஹோட்டலிலும் இதே கதை. ரவா தோசை ஊற்றிய கல்லில்தான் சாதா தோசையும் வரும். வறுத்த மீன் மசாலாவில் ஒரு கை மைதா இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். கேட்டால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

"ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போகுது?"

கல்யாணப் பந்தியில் கேசரியை நீட்டும் அத்தை அன்பாகத்தான் கேட்பார். 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் குடலில் பாதிப்பு தெரிந்தது. அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான மைதாவில் அவ்வளவு இருக்கும். இந்தியாவில் ஒரு பொருளைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பெருங்காயம் வாங்கும்போதும் இந்த வாசகத்தைத் தேடலாம். அரிசி மாவு சேர்த்த வகைகளும் கிடைக்கின்றன.

படித்ததும் சந்தேகம் வந்து நாளைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதல் பரிசோதனை டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் குடலில் சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துப் போனால், நோய் இருந்தாலும் இரண்டுமே 'நார்மல்' என்று காட்டக்கூடும். டெஸ்ட் முடியும்வரை வழக்கமான சாப்பாடே தொடரட்டும், பரோட்டா உட்பட.