கண் திரையில், கை பலகையில்

தமிழ் நூல் அட்டைகளில் கையால் வரைந்த தலைப்பெழுத்துகள் அருகிவிட்டன. ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) போன்றோர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுத்துகளை வரைந்து தந்த காலத்தில், தலைப்பைப் பார்த்ததுமே அது எவர் கை என்று சொல்லிவிட முடிந்தது. இன்றோ ஒரு சில எழுத்துருக்களே மாறிமாறி வந்து நிற்கின்றன. வடிவமைப்பு கணினிக்குப் போனதால் நேர்ந்த இழப்பு இது என்கிறார்கள். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. கணினியின்மேல் போடும் பழியை மவுஸின்மேல் போடுவதே பொருந்தும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ழகரத்தின் சுழிப்பை வரைய முயன்றவர்களுக்கு இது விளங்கும்.

பென் டேப்லட் ஒன்றை வாங்கிப் பழகினால் கை மீண்டும் வேலைக்கு வந்துவிடும். ஆனால் வாங்குவோரில் பலர் பொருந்தாத அளவுகோலைக் கொண்டு வாங்கி, பத்தே நாளில் அலுத்துப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். சிற்றிதழ்க்காரர்களுக்கு அந்தப் பணம் சிறிதன்று.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படுவது அழுத்த நிலைகளின் எண்ணிக்கை. 2009-இல் வந்த வாகாம் இன்டுவோஸ் 4-இல் அது 2048. 2017-இன் இன்டுவோஸ் புரோவில் 8192. இன்று ஹுவியோன், எக்ஸ்பி-பென் ஆகியவற்றின் குறைந்த விலைப் பலகைகளிலும் 8192 என்றே காண்கிறோம். இந்த எண்ணின் ஏற்றத்தைக் கை உணர்வதில்லை என்பது நம் துணிபு. கை உணர்வது வேறொன்றை: எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பதை. அதைப் பெட்டியில் தேடிப் பயனில்லை. கடையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பரப்பளவு. 2018-இல் வந்த இன்டுவோஸில் சிறிய பலகையின் வரைபரப்பு 152 × 95 மி.மீ.; நடுத்தரப் பலகையில் 216 × 135 மி.மீ. 24 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 531 மி.மீ. ஆகவே சிறிய பலகையில் கை 1 மி.மீ. நடுங்கினால் திரையில் அது மூன்றரை மி.மீ. நடுக்கமாகிறது, நடுத்தரத்தில் இரண்டரை. ஒளிப்படம் திருத்துவோர் சிறியதை வைத்தே காலம் தள்ளலாம். தமிழெழுத்து வரைவோருக்கு அது போதாது. ஞகரத்தையும் ணகரத்தையும் மணிக்கட்டால் மட்டும் வரைய இயலாது. முன்கையும் சேர்ந்து அசைய வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.

இன்னொரு நுட்பம். மேற்சொன்ன பலகைகளின் விகிதம் 16:10. பெரும்பாலான திரைகளுக்கு 16:9. இரண்டையும் அப்படியே பொருத்தினால் கை வட்டம் போடத் திரையில் நீள்வட்டம் விழும். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் முட்டைகளாகும். அமைப்புகளில் விகிதத்தைப் பூட்டிவிட வேண்டும். பலகையின் அடியில் ஒரு கீற்று பயன்படாமல் போகும், போகட்டும்.

கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருப்பதே பெருங்குறை என்று எண்ணி, பன்மடங்கு விலை கொடுத்துத் திரையுள்ள பலகையை வாங்குவோர் உண்டு. முதற்பலகைக்கு அது வேண்டியதில்லை. 1964-இல் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய, பத்தங்குலச் சதுரப் பரப்புடைய பலகையிலேயே வரைவது ஓரிடம், பார்ப்பது ஓரிடம் என்றுதான் இருந்தது. ஏன், எழுத்தாணியால் ஓலையில் கீறியவருக்கு மட்டும் எழுத்து உடனே துலங்கியதா? கீறி முடித்துக் கரி தடவிய பிறகுதானே அது கருமையாகத் தெரிந்தது. பார்வையின் முழுத் துணையின்றி இயங்கக் கை கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்குரிய நாள்களை நாம் கொடுக்க வேண்டும்.

ஓரிரு வாரம் மவுஸைக் கண்ணில் படாமல் வைத்துவிடுவது நல்லது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் பழக்கம் படியாது. மவுஸ் நகர்வை மட்டுமே சொல்கிறது, பலகையோ ஒவ்வொரு புள்ளியையும் திரையின் ஒரு புள்ளியோடு கட்டிவிடுகிறது. பலகை திரைக்கு நேர் எதிரே, சாயாமல் இருக்கட்டும். சிறிது திரும்பியிருந்தாலும் கிடைக்கோடு சரியும். பேனாவை அழுத்திப் பிடித்தால் வட்டம் தோன்றி வலச்சொடுக்கு ஆகும் விண்டோஸ் வசதியை முதல் வேலையாக அணைத்துவிட வேண்டும். அது கோட்டின் தொடக்கத்தைத் தின்றுவிடும். பயிற்சிக்கு நேர்கோடுகளை விட உயிரெழுத்துகள் மேல். கிரிட்டா இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள நடுக்கம் நீக்கும் வசதியைக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் கோடு வழவழப்பாகும், எல்லார் கோடும் ஒன்றாகும். பிறகு எழுத்துருவே போதுமே, பலகை எதற்கு?

பலகையின் வழுக்கல் பிடிக்காதவர்கள் மேலே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிக்கொள்கிறார்கள். தாளின் ஊடாகவும் பேனா வேலை செய்யும், பிடிமானமும் கிடைக்கும். நிப் மட்டும் விரைவில் தேயும். உதிரி நிப்புகள் எத்தனை தருகிறார்கள் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.