பொருளியல் இரண்டாந்தரப் பாடமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எம் இல்லங்கள் தோறும் ஒரே பேச்சுத்தான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி பெற்றவள் உயர்தரத்தில் உயிரியல் பயிலவேண்டும். மற்றவள் வர்த்தகமோ கலையோ படிக்கட்டும். "கெட்டிக்காரப் பிள்ளை ஏன் பொருளியல் படிக்கவேணும்?" என்று உறவினர் கேட்கையில் விடை கூறாது நிற்கும் தோழியர் பலரை நாம் அறிவோம். அவர்கள் சார்பிலேயே இதனை எழுதுகின்றோம்.

பொருளியல் பணஞ் சேர்க்கும் வித்தையன்று. அளவற்ற தேவைகளை அளவான வளங்கொண்டு நிறைவேற்ற முனையும்போது எதனைத் தெரிவது, எதனைக் கைவிடுவது என ஆராயுங் கல்வி அது. கைவிட்டதன் பெறுமதியே அமையச் செலவு. (ஒரு சம்பளத்தில் மூன்று பிள்ளைகளின் ரியூசன் கட்டணத்தையும் கட்டும் எம் அன்னையர், இச்சொல்லைக் கேளாமலே இதிற் பாண்டித்தியம் பெற்றவர்கள்!)

2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். அதன் காரணங்களுள் ஒன்றை உச்ச விலை பற்றிய எமது பாடத்திலேயே காணலாம். ஒரு பொருளின் விலையைச் சமநிலை விலைக்குக் கீழே கட்டிவைத்தால் கேள்வி கூடும், நிரம்பல் குறையும், கள்ளச் சந்தை தோன்றும். 2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 மார்ச் வரை அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் இவ்வாறே கட்டிவைக்கப்பட்டிருந்தது. உண்டியல்காரரோ கூடிய விலை கொடுத்தனர். வெளிநாடுகளில் உழைப்போர் வங்கிகள் மூலம் அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டொலராக இருந்து, 2021இல் ஏறத்தாழ 550 கோடியாக வீழ்ந்தது. பால்மாவும் எரிபொருளும் இறக்குமதி செய்ய டொலர் போதவில்லை. கட்டு அவிழ்ந்தபின் மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2019இன் வரிக்குறைப்பு, உல்லாசப் பயணத்துறையின் வீழ்ச்சி, வெளிநாட்டுக் கடன் என வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இரு வளையிகள் வெட்டும் அச்சிறு வரைபடம் எம் அடுப்படி வரை வந்துவிட்டதன்றோ?

பெண்கள் இப்பாடத்தைப் பயில இன்னொரு நியாயமும் உண்டு. சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைக் கூலிக்கு ஒருத்தி செய்தால் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியிற் சேரவேண்டியது. தாய் செய்தால் சேராது. இக்கணக்கு முறையானதா என வினவ வேண்டியவர்கள் நாமல்லாமல் வேறு யார்? பெண்களின் தொழிலையும் ஊதியத்தையும் இருநூறு ஆண்டுத் தரவுகள் கொண்டு ஆராய்ந்த குளோடியா கோல்டின் அம்மையார் 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஆகவே, அன்பார்ந்த பெற்றாரே, உங்கள் மகள் ஒன்பது பாடங்களிலும் அதிதிறமைச் சித்தி பெற்று, "எனக்குப் பொருளியல்தான் விருப்பம்" என்றால், மறுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள்.

பாடம் கற்கப்படும் முறையில் எமக்குத் திருப்தியில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அச்சடித்த குறிப்புகளை மனனஞ் செய்து, கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதுவதே இன்று கல்வி எனப்படுகின்றது. பணவீக்கத்துக்கு வரைவிலக்கணம் கூறும் மாணவிக்குச் சென்ற மாதம் அரிசி என்ன விலை என்று தெரியாது! மத்திய வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை தமிழிலும் கிடைக்கின்றது. அதன் பிரதியொன்றையும் தினசரிப் பத்திரிகை இரண்டையும் உயர்தர மாணவியர் நூலகத்தில் வைத்து, வாரத்தில் ஒரு பாடவேளையை அவற்றை வாசித்து விவாதிக்க ஒதுக்கித் தருமாறு எமது அருட்சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகின்றோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையாயினும் சம்மதமே.