செல்பேசி கையில் இருக்கிறது, செயல்திட்டம் எங்கே?

பருவத்தேர்வு நெருங்கும் வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளில் பள்ளிப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ‘கடல்வாழ் உயிரினங்கள்’ என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்திருப்பார். கடைக்காரர் இணையத்தில் தேடி, முதலில் வந்து நிற்கும் நான்கைந்து வண்ணப் படங்களை அச்செடுத்துத் தருவார். பிள்ளை அவற்றை வெட்டி, சார்ட் அட்டையில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும். மதிப்பெண்ணும் விழுந்துவிடும். அந்த அட்டையில் நீலத் திமிங்கிலம் இருக்கும், பென்குயின்கூட இருக்கும். அன்று காலை ஊர்க் கரையில் இறங்கிய ஓராவும் நகரையும் காரலும் நண்டும் இருக்காது.

ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்பாலைக்குடி கடலை நம்பிய ஊர். தேவிபட்டினத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வாடைக்கும் கச்சானுக்கும் வித்தியாசம் தெரியும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டே அது வளர்ந்திருக்கும். அந்த அறிவுக்குப் பள்ளியில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. இணையத்தில் எடுத்த படத்துக்கு உண்டு. இது மாற வேண்டும். வீட்டிலிருக்கும் செல்பேசியைப் பதிவுக் கருவியாக்கி, ஊரில் மட்டுமே விடை கிடைக்கும் கேள்விகளைப் பிள்ளைகளுக்குச் செயல்திட்டமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு உரிய மதிப்பெண்ணையும் கணினி நேரத்தையும் கல்வித்துறை ஒதுக்க வேண்டும்.

செயல்திட்டம் என்ற ஏற்பாட்டின் நோக்கம் நல்ல நோக்கம்தான். 2012–13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, நூறு மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. மனப்பாடம் செய்து எழுதுவதைத் தாண்டி, பிள்ளை தானாகத் தேடி, செய்து, பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்காகவே அந்த 40. அது நாளடைவில் ஒட்டுவேலையாகத் தேய்ந்துபோனதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ‘நீர்ச் சுழற்சி’, ‘தேசியத் தலைவர்கள்’ என்று ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே தலைப்பைக் கொடுத்தால், ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே படம்தான் வரும்.

கருவி இல்லை என்று இனியும் காரணம் சொல்ல முடியாது. கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் 2024ஆம் ஆண்டின் ‘ஏசர்’ அறிக்கையின்படி, 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பான ஏதாவது ஒன்றுக்கு அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. இந்த இடைவெளியைக் காட்டிப் பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. படிப்புக்காக அந்தக் கருவியை எடுக்கவைக்கும் அளவுக்குச் சுவையான ஒரு வேலையைப் பள்ளி கொடுத்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

அரசு செலவழிக்காமல் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைந்தது. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானது. 2025–26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. இவற்றில் பெரும்பகுதி, பிள்ளை பார்க்கவும் கேட்கவும் தேர்வு எழுதவும் உதவுகிற ஏற்பாடு. பிள்ளை தானாக ஒன்றை உருவாக்கி, “இது நான் செய்தது” என்று நீட்டுவதற்கான ஏற்பாடு மிகக் குறைவு.

இதே மாவட்டத்தில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்திலிருந்து, ஆயிரம் மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய 100 சிறு செயற்கைக்கோள்கள் ஹீலியம் பலூனில் வானுக்குச் சென்றன. அடுத்த ஆண்டு, நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்கேற்ற ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோளில் மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் பள்ளிப் பிள்ளைகளின் கையும் இருந்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது சரியான சுற்றுப்பாதையை அடையவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 அடைந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் முடியுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் விடை வேண்டியதில்லை. ஆனால் செயற்கைக்கோள் ஆண்டுக்கு ஒரு முறை, சில பள்ளிகளுக்கு மட்டும் வரும் வாய்ப்பு. விழா முடிந்து திரும்பும் பிள்ளைக்கும், விழாவுக்கே போகாத பிள்ளைக்கும் அடுத்த திங்கட்கிழமை காத்திருப்பது அதே சார்ட் அட்டைதான்.

பிள்ளைகளே உருவாக்கும் வேலையை அன்றாடப் பள்ளி வாழ்க்கைக்குள் கொண்டுவந்த மாநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளம் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் கணினி மன்றங்களைத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அவை இயங்குகின்றன. கட்டற்ற மென்பொருளில் அசைபடம் செய்வது, மலையாளத்தில் தட்டச்சு செய்வது, பள்ளி நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுப்பது எல்லாம் பிள்ளைகளின் வேலை. அந்த மாநிலம் பள்ளிகளுக்கு மடிக்கணினி, ப்ரொஜெக்டர் கொடுத்தபோது கூடவே ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் கொடுத்தது. அந்தப் பட்டியலில் கேமராவைச் சேர்க்கத் தோன்றியவரைப் பாராட்ட வேண்டும். பிள்ளையைப் பார்வையாளராக மட்டும் அவர் நினைக்கவில்லை. ‘ஸ்கூல் விக்கி’ தளத்தில் கேரளப் பள்ளிகள் தங்கள் வரலாற்றையும் ஊரின் வரலாற்றையும் தாங்களே எழுதிச் சேர்க்கின்றன.

திருப்பாலைக்குடியில் இதற்கு எவ்வளவு சரக்கு இருக்கிறது! ஒரு குழு, கரையில் இறங்கும் மீன்களை வாரம் ஒரு நாள் படம் எடுத்து, ஊர்ப் பெயரைத் தாத்தாவிடமும் அறிவியல் பெயரை ஆசிரியரிடமும் கேட்டு எழுதினால், ஓராண்டில் அந்தக் கரைக்கென்றே ஒரு மீன் அகராதி உருவாகிவிடும். இன்னொரு குழு வலைகளைப் பதிவு செய்யலாம்: கண்ணியின் அளவு என்ன, எந்த மாதத்தில் எந்த வலை, பிய்ந்த வலையை முடிவது எப்படி என்று கைவேலையைக் காணொளியாக்கலாம். கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கென்று 2022 செப்டம்பரில் இதே பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த உயிரை நேரில் பார்த்த பெரியவர்கள் ராமநாதபுரம் கரையில் இருக்கிறார்கள். எப்போது பார்த்தார்கள், எங்கே, கடற்புல் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி என்று கேட்டு ஒலிப்பதிவு செய்தால் அது ஆய்வாளர்களுக்கே உதவும். 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தபோது வீட்டு வரவுசெலவு என்ன ஆனது என்பது எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு அருமையான கேள்வி. ஊரில் சிலருக்குக் கசப்பான கேள்வியும்கூட. அதனாலேயே அதை மரியாதையோடு கேட்கக் கற்றுக்கொள்வது பெரிய படிப்பு.

இதில் தள்ளிப்போட முடியாத வேலை ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பத்து வயதில் பார்த்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த நினைவுகளைக் கேட்டுப் பதிந்துவைக்க இந்தக் கடற்கரையின் பள்ளிகளைவிடப் பொருத்தமான இடம் எது? ஒலிப்பதிவுகளுக்குக் கேட்போரும் இருக்கிறார்கள். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ‘கடல் ஓசை’ 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. பள்ளிகளும் வானொலியும் கைகோத்தால், பிள்ளை எடுத்த நேர்காணல் மதிப்பெண் ஏட்டோடு நிற்காமல் படகுவரை போகும்.

கடற்கரையை வகுப்பறையாக்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் சொன்னது புரியாதபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பிள்ளைகளை ராமேஸ்வரம் கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார். அந்த வகுப்பில் இருந்த அப்துல் கலாம் அதைப் பின்னாளில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். அன்று அந்த ஆசிரியரிடம் எந்தக் கருவியும் இல்லை. இன்று கூடியிருப்பது, பார்த்ததைப் பதிந்து பலமுறை ஓட்டிப் பார்க்கும் வசதி. முதலில் கரை, பிறகே கருவி என்ற வரிசை மாறக்கூடாது.

செல்பேசியைப் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்வதா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கவலை. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை, தொழில்நுட்பம் படிப்புக்கு உதவினால் மட்டுமே வகுப்புக்குள் வர வேண்டும் என்று எச்சரித்தது. பல நாடுகள் பள்ளியில் செல்பேசியைத் தடை செய்திருக்கின்றன. இங்கே கேட்பது அதற்கு எதிரானதல்ல. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு செல்பேசி போதும். கேமராவுக்கும் குரல் பதிவுக்கும் இணையம் தேவையில்லை. டேட்டாவை அணைத்துவிட்டே கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து, செல்பேசி அம்மா கைக்குத் திரும்பிவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய கவலை இன்னும் பெரியது. அதே 2024 ஏசர் அறிக்கையில், செல்பேசி இயக்கத் தெரிந்தவர்களுள் சொந்தமாக அதை வைத்திருந்த பையன்கள் 36 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 27 விழுக்காடு. வீட்டுக் கருவியை மட்டும் நம்பினால் தங்கைக்கு முன் அண்ணன் கை அதில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் பொதுவாக இரண்டு, மூன்று பதிவுக் கருவிகள் வேண்டும். குழுவில் கருவியைப் பிடிக்கும் முறை பெண் பிள்ளைக்கும் வர வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஒட்டுவேலை இன்னும் எளிதாகிவிட்டது. இனி ஜெராக்ஸ் கடைகூட வேண்டாம்; கட்டுரையே தயாராக வந்துவிடும். அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்க ஆசிரியர்கள் ஓடிக்கொண்டிருக்க முடியாது. ‘கடல் மாசு’ என்று தலைப்புக் கொடுத்தால் இயந்திரம் நொடியில் எழுதித்தரும். ‘போன வாரம் உங்கள் கரையில் ஒதுங்கிய குப்பையை வகைபிரித்து எண்ணி, படத்தோடு வா’ என்றால் இயந்திரத்தால் முடியாது. எண்ணி முடித்த கணக்கை அட்டவணையாக்க, எழுத்துப்பிழை பார்க்க அது உதவட்டும். தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் அப்படியே: தாத்தாவின் கடற்கரைப் பேச்சில் அது தடுமாறும் இடங்களைப் பிள்ளையே உட்கார்ந்து திருத்தும்போது, எந்தப் பாடநூலும் சொல்லாத சொற்கள் ஏட்டுக்கு வரும்.

ஆசிரியர்களின் தோளில் ஏற்கனவே கல்வித்துறையின் ‘எமிஸ்’ இணையதளப் பதிவேற்றங்களும் பயிற்சிகளும் இருக்கின்றன. இன்னொரு படிவமாக இதைச் சேர்த்தால் மூன்று மாதத்தில் இதுவும் சடங்காகிவிடும். பருவத்துக்கு ஒரே ஒரு செயல்திட்டம், அதுவும் அறிவியல், சமூக அறிவியல், தமிழ் மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் பெறுவதாக இருந்தால் வேலை குறையும். மதிப்பெண்ணில் பாதி, பிள்ளை எழுந்து நின்று தன் பதிவை விளக்கும் ஐந்து நிமிடத்துக்குப் போக வேண்டும். யார் செய்தது என்பது அங்கே தெரிந்துவிடும். பிள்ளைகளின் முகமும் பெயரும் வாட்ஸ்அப் குழுக்களில் உலவவிடப்படக் கூடாது என்பதைத் துறை எழுத்தில் சொல்ல வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை மாலை ஒரு மணி நேரமும் மாதம் இரண்டு சனிக்கிழமையும் பிள்ளைகளின் சொந்த வேலைக்காகத் திறந்துவைக்க வேண்டும். ‘தமிழ்99’ விசைப்பலகையை ஆறாம் வகுப்பிலேயே பழக்கிவிட வேண்டும். தொடக்கத்துக்குத் திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் பகுதிப் பள்ளிகள் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போதும் மாவட்டத்தின் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் வலை முடிந்துகொண்டும் இருக்கும் அப்பாக்களுக்குப் பிள்ளைகளிடம் பேச நேரம் இருக்கும். முதல் பருவச் செயல்திட்டம் அந்த நாட்களிலேயே தொடங்கும்படி, ராமநாதபுரம் முதன்மைக் கல்வி அலுவலகம் மே மாதமே பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.